ஒரு துரும்பும் 130 ஏக்கரும்

போன வருடம் பிப்ரவரியில், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கும் மேன் தீவின் வடக்கே ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காத யோசனை ஒன்றைச் சொன்னேன். "பிள்ளைகள் மூன்று பேர். மூன்று சமபங்காக எழுதி வைத்துவிடுங்கள். யாருக்கும் மனக்குறை இருக்காது." எதிரே இருந்தவருக்கு 81 வயது. பொன்னாக் என்று இங்கே சொல்கிற, ஈஸ்ட் போடாத ரொட்டித் துண்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "மழை விடட்டும். அந்த இரண்டு கோட்டை எங்கே போடுவாய் என்று வந்து காட்டு" என்றார். மூன்று பங்குக்கு இரண்டு கோடு போதும் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனைக்கும் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். (ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ' தான். ஆனால் அவர் பேசுவது என் காதில் 'நீ' என்றே விழுகிறது, நான் பேசுவது 'நீங்கள்' என்று. அப்படியே எழுதுகிறேன்.)

தீவின் தலைநகரமான டக்ளஸுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. வாரநாட்களில் ஒரு நிறுவனத்தில் வேலை, சனிக்கிழமைகளில் நாலைந்து சின்னப் பண்ணைகளுக்கு வரவு செலவு எழுதித் தருகிறேன். இது அதில் ஒன்று. பண்ணையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 84,000 பேர் வாழும் தீவு இது. ஒரு துப்பு கொடுத்தால் மத்தியானத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 'பல்லா' என்று தொடங்கும், பின்னால் ஒரு குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பல்லா என்றால் இங்கே பண்ணை, இருப்பிடம். டக்ளஸ் நகரத்துக்குள்ளேயே பல்லாக்வேல் சாலை இருக்கிறது, பல்லாகெர்மீன் பள்ளி இருக்கிறது. ஒரு காலத்தில் க்வேல் குடும்பமும் கெர்மீன் குடும்பமும் உழுத நிலங்கள் அவை. குடும்பம் போனாலும் பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தப் பண்ணை 130 ஏக்கர். இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள், செம்மறிகள், கொஞ்சம் பார்லி. பெரியவரின் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மூத்த மகன் லிவர்பூலில் பொறியாளர், இரண்டாவது மகன் டக்ளஸில் ஆசிரியர். கடைசி மகளுக்கு 47 வயது, 20 வயதிலிருந்து இந்தப் பண்ணையில்தான் வேலை. விடிவதற்கு முன் கொட்டகைக்குப் போவது அவள். டிராக்டர் ஓட்டுவது, குட்டி போடும் பருவத்தில் ராத்திரியெல்லாம் ஆடுகளோடு விழித்திருப்பது, அரசு உதவித்தொகைப் படிவங்களோடு மல்லுக்கட்டுவது எல்லாமே அவள். ஆனால் வங்கிக் கணக்கு அப்பா பெயரில். நிலம் அப்பா பெயரில். கன்றின் காதில் மாட்டுகிற வில்லைக்கான பதிவுகூட அப்பா பெயரில்தான். உயில் எழுதவில்லை. கேட்டால் "ட்ரா டி லியூர்" என்பார். இந்தத் தீவின் பழைய மொழியான மேங்க்ஸில் அதற்கு 'நேரம் கிடக்கிறது' என்று பொருள். அந்த மொழியைப் பிறந்தது முதல் பேசி வளர்ந்த கடைசி மனிதராகச் சொல்லப்படும் நெட் மாட்ரெல் 1974இல் காலமானார். இப்போது பள்ளிகளில் மறுபடி சொல்லித்தருகிறார்கள். ஆனால் இந்த வார்த்தைகளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் தேவைப்படவே இல்லை, மொழி தெரியாதவர்கள் வாயிலும் அது வருகிறது.

நான் ஏன் அவ்வளவு உறுதியாகச் 'சமபங்கு' என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். சட்டம் எனக்கும் பங்கு கொடுக்கிறது என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு, சாயந்திரம் ஒரு பட்டுப்புடவை. அந்தப் புடவையை இதுவரை இரண்டு முறைதான் கட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்த ஊரில் எந்தக் குடும்பம் சொத்தைப் பற்றிப் பேசினாலும் என் வாயில் 'சமமாப் பிரிங்க' என்பது தானாக வந்துவிடும்.

இரண்டு கோடு

மழை விட்டது. எனக்கு இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார்கள். வீடும் கொட்டகைகளும் மேட்டில், சாலையை ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து நிலம் மெதுவாக வடமேற்கே சரிகிறது. வானம் தெளிந்தால் கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் மலைக்கோடு தெரியும். வயல்களுக்கு நடுவே கம்பிவேலி குறைவு. ஆள் உயரத்துக்கு மண்ணைக் குவித்துப் புல் போர்த்திய கரைகள்தான் எல்லை. மேலே கோர்ஸ் முட்புதர், குளிர்காலத்திலும் அங்கங்கே மஞ்சளாகப் பூத்திருக்கும். இந்தக் கரைகளை இவர்கள் 'ஹெட்ஜ்' என்கிறார்கள். அகராதியைப் பார்த்துப் பசுமை வேலி என்று நினைத்து வந்தால் முட்டிக்கொள்வீர்கள்.

கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் கோடு போட ஆரம்பித்தேன். முதல் கோடு சரியாகத்தான் போனது. நடு வயலுக்கு வந்ததும் அவர் கைத்தடியால் ஒரு வாய்க்காலைக் காட்டினார். கீழே இருக்கும் மூன்று வயல்களின் தண்ணீரும் இந்த ஒரு வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் இதைத் தூர் வாராவிட்டால் கீழ் வயல்கள் மூன்றும் மார்ச் வரை தண்ணீரில் நிற்கும். "இந்த வயலை லிவர்பூலில் இருக்கிறவனுக்குக் கொடு. அவன் வந்து வாருவானா?" சரி, கோட்டை மாற்றினேன். அப்போது குடிதண்ணீர்த் தொட்டி வேறு பங்குக்குப் போனது. அதையும் மாற்றினேன். அப்போது கொட்டகைகள் ஒருத்தருக்கு, அந்தக் கொட்டகையில் குளிர்காலம் கழிக்க வேண்டிய மாடுகள் இன்னொருத்தருக்கு. ஏக்கர் கணக்கில் சமமாகப் பிரித்தால் ஒருத்தருக்குச் சேறு மட்டும் மிஞ்சியது. விலைக் கணக்கில் பிரிக்கலாம் என்றால் சாலையோரம் ஊரை ஒட்டி ஆறு ஏக்கர் வயல் ஒன்று இருக்கிறது. வீடு கட்ட அனுமதி கிடைத்தால் மற்ற 124 ஏக்கரும் சேர்ந்து பெறாத விலையை அது ஒன்றே பெறும் என்று ஒரு தரகர் ஏற்கெனவே காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கீழ்க்கோடியில் சதுப்பு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வாலபி நின்றது. ஆமாம், கங்காருவின் சின்னச் சொந்தமான ஆஸ்திரேலிய வாலபிதான். பக்கத்து வனவிலங்குப் பூங்காவிலிருந்து என்றோ தப்பியவற்றின் வம்சம், பல்லாஃப் பக்கத்துச் சதுப்புகளில் பெருகிக் கிடக்கிறது. "பத்திரம் இல்லாமல், வக்கீல் இல்லாமல், சண்டை இல்லாமல் பரம்பரையாக அனுபவிக்கிறார்கள்" என்றார் பெரியவர். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

துரும்பு

அவர் வெறும் பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் அன்று வீட்டுக்கு வந்தேன். அப்புறம் ஒரு மாதம் நூலகத்திலிருந்து பழைய சட்டப் புத்தகங்களை எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நிலம் கைமாறும் கதை வேறு மாதிரி என்று அப்போதுதான் புரிந்தது.

தீவின் நல்ல நிலமெல்லாம் பழங்காலத்திலேயே 'கால்நிலம்' என்கிற அளவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேங்க்ஸில் கெரூ, அதாவது நாலில் ஒன்று. ஒரு கால்நிலம் ஒரு குடும்பத்தின் பண்ணை. அதை உடைப்பது வழக்கமில்லை. மூத்த மகனுக்கு மொத்தமாகப் போகும். மகன் இல்லாவிட்டால், இங்கிலாந்தில் செய்வது போல மகள்களுக்குள் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள், மூத்த மகளுக்கே முழுதாகப் போகும். பரம்பரையாக வந்த கால்நிலத்தை உயில் எழுதி வேறு யாருக்காவது கொடுக்கவும் முடியாது. தானே சம்பாதித்து வாங்கிய நிலம் என்றால் இஷ்டம் போல் எழுதலாம். விதவைக்கு ஆயுள் வரை பாதி. அதற்கு ஒரு கதை சொல்வார்கள்: 1098இல் சான்ட்வாட் என்ற இடத்தில் தீவின் வடக்கத்தியாரும் தெற்கத்தியாரும் மோதிக்கொண்டபோது பெண்கள் களத்தில் இறங்கிக் கணவன்மார்களைக் காப்பாற்றினார்களாம், அதற்குக் கிடைத்த பரிசுதான் இந்தப் பாதி. போர் நடந்தது உண்மை. பரிசுக் கதைக்கு நான் பொறுப்பில்லை.

இளைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்? மீன்பிடிப் படகு, லாக்ஸி, ஃபாக்ஸ்டேல் ஈயச் சுரங்கங்கள், அப்புறம் கப்பல். 1827இல் வடக்குப் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி அமெரிக்காவில் கிளீவ்லாந்து பக்கம் போய்க் குடியேறினார்கள். ஒரு பண்ணை முழுசாக நிற்பதற்கு நாலு பேர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. மலைச்சரிவுகளில் கூரை இல்லாத கல்வீடுகள் நிற்கும், தோல்டன் என்பார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பங்கு கிடைக்காத தம்பிகள்தான் ஞாபகம் வரும்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது துரும்பு. பழைய மேங்க்ஸ் வழக்கப்படி நிலத்தை விற்கிறவரோ கைமாற்றுகிறவரோ மன்றத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் ஒரு வைக்கோல் துரும்பைக் கொடுப்பார். மன்றம் பெயரை மாற்றி எழுதிக்கொள்ளும். வைக்கோல் உரிமை என்றே அதற்குப் பெயர். மக்கள் அதைச் சொந்த நிலம் என்று நம்பினார்கள். 1405 முதல் தீவை ஆண்ட ஸ்டான்லி பிரபுக்கள் அப்படி நம்பவில்லை. 1643இல் ஏழாவது டெர்பி பிரபு, துரும்பெல்லாம் செல்லாது, மூன்று பேரின் ஆயுள் வரை அல்லது 21 வருடம் என்று குத்தகையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நெருக்க ஆரம்பித்தார். மகனுக்கு மிஞ்சுமா என்று தெரியாத நிலத்துக்கு யார் எரு போடுவார்கள்? பயிரை விட்டுவிட்டு ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போனார்கள். 1651இல் நடந்த கிளர்ச்சிக்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. அதை நடத்திய வில்லியம் கிறிஸ்டியனை, இல்லியம் தோன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், 1663 ஜனவரி 2 அன்று ஹேங்கோ குன்றில் சுட்டுக் கொன்றார்கள். இன்றும் அந்தத் தேதியில் அங்கே கூடுகிறார்கள். அவர் வைத்திருந்த ரொனால்ட்ஸ்வே நிலத்தில்தான் இப்போது விமான நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போக அங்கே வரிசையில் நிற்கும்போதும் யார் வயலில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். கடைசியில் 1704இல், பிஷப் தாமஸ் வில்சன் நடுவில் நின்று பேசியதில், பத்தாவது பிரபு இறங்கி வந்தார். வாடகையும் கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டன, நிலம் பரம்பரைச் சொத்து என்று சட்டம் ஒப்புக்கொண்டது. மேங்க்ஸ் மக்களின் மாக்னா கார்ட்டா, அதாவது உரிமைச் சாசனம், என்று அதைச் சொல்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் பெரியவரிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "என் தாத்தாவின் தாத்தா வரை எல்லோரும் மூத்தவர்கள்" என்றார். அவ்வளவுதான் பதில். மூத்தவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை, அவன் லிவர்பூலில் இருக்கிறான். கடைசிப் பெண்ணுக்குக் கொடுக்கக் கை வரவில்லை, நாலு தலைமுறை பார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டம் எப்போதோ மாறிவிட்டது, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி எழுதலாம் என்பதுதான் அவருக்குச் சிக்கலே. முன்பு வழக்கம் முடிவு செய்தது, அப்பா யாருக்கும் கெட்டவராக வேண்டியிருக்கவில்லை.

தள்ளிப்போட இன்னொரு வசதியும் இருந்தது. மேன் தீவில் வாரிசுரிமை வரி கிடையாது. பக்கத்து இங்கிலாந்தில், இறப்பதற்கு ஏழு வருடம் முன்பே கொடுத்துவிட்டால் வரியில்லை என்று ஒரு விதி இருப்பதால் கணக்காளர்கள் அறுபது வயதிலேயே குடும்பத்தை உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். 2024 அக்டோபரில் விவசாய நிலத்துக்கான வரிவிலக்குக்கு வரம்பு கட்டப்போவதாக அந்த அரசு அறிவித்ததும் லண்டன் வீதிகளில் டிராக்டர்கள் நின்றன. இங்கே எல்லோரும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து 'பாவம்' என்றார்கள். எனக்கு ஒரு விபரீத எண்ணம் வந்தது: வரி இருந்திருந்தால் இந்தப் பெரியவர் இருபது வருடம் முன்பே வாயைத் திறந்திருப்பார்.

சம்பளப் பத்தி

ஜூன் மாதம் ஒரு பழைய செலவைத் தேடப் போய், அவர் மனைவி எழுதிய கணக்குப் புத்தகங்கள் பரணிலிருந்து இறங்கின. நீல அட்டை, வருடத்துக்கு ஒன்று. நேர்த்தியான கையெழுத்து. தீவனம், கால்நடை மருத்துவர், டீசல், சம்பளம் என்று தனித்தனிப் பத்திகள். சம்பளப் பத்தியில் அவ்வப்போது வேலைக்கு வந்த பையன்களுக்கு வாராவாரம் கொடுத்தது இருக்கிறது. மகள் பெயர் ஒரு வாரம்கூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் இருந்தது. 1999 நவம்பர். சம்பளப் பத்தியில் மகளின் பெயர் எழுதி, பக்கத்தில் 'பூட்ஸ், 32 பவுண்டு' என்று குறித்து, அப்புறம் அந்த வரியை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்துவிட்டு, வீட்டுச் செலவுப் பத்தியில் மறுபடி எழுதியிருந்தார் அந்த அம்மா.

அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பத்தியில் எழுதுவது என்று அந்தக் கை ஒரு நிமிடமாவது தயங்கியிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க ராத்திரியில் ஒரு கணக்குப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, இதுவும் கேட்காமல் செய்ததுதான். அந்தந்த வருடம் வேலைக்கு வந்த பையனுக்குக் கொடுத்த அதே கூலி, அந்தந்த வருடக் கணக்கிலிருந்து எடுத்து, அவள் வேலை செய்த 27 வருடத்துக்கும். சாப்பாடு, தங்குமிடத்துக்குக் கழித்தேன். பூட்ஸுக்கும் கழித்தேன். வந்த தொகைக்கு ஆறு இலக்கம், முதல் இலக்கம் ஒன்று இல்லை.

ஜூலை முதல் வாரம், தீவின் தேசிய தினமான டின்வால்ட் நாள் விடுமுறைக்கு மூத்த மகன் கப்பலில் வந்திருந்தார். அன்று செயின்ட் ஜான்ஸில் மண்மேட்டின் மேல் தீவின் புதுச் சட்டங்களை இரண்டு மொழியிலும் வாசிப்பார்கள். ஊர்வலம் போகிற வழியில் கோரைப்புல் பரப்பியிருக்கும். இந்தத் தீவுக்கு முதல் அரசனான மனனான் குடிகளிடம் வாங்கிய வாடகை வருடத்துக்கு ஒரு கட்டுக் கோரை மட்டுமே என்பது ஐதீகம். எல்லோரும் அங்கே போய் வந்த களைப்போடு மறுநாள் சமையலறையில் கூடினோம். நான் அந்தத் தாளை மேஜையில் வைத்தேன், நீலப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

பெரியவர்தான் முதலில் பேசினார். "என் வீட்டில் சாப்பிட்டாள். நான் என்ன வேலைக்காரியா வைத்திருந்தேன்?" கோபம்தான், ஆனால் குரலில் காரம் இல்லை. "அதைக் கழித்திருக்கிறேன்" என்றேன். இப்போது நினைத்தால் அந்தப் பதில் எனக்கே கூசுகிறது. இரண்டாவது மகன் தாளைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு மாதாமாதம் ஏதோ கொடுக்கிறீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். மூத்தவர் தாளைத் தொடவே இல்லை. புத்தகத்தை இழுத்து, அடித்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கையெழுத்து. ஸ்கேல் வைத்து அடிக்கிற பழக்கம் அம்மாவுடையது, பள்ளி நோட்டில் அவர் தப்பு செய்தால் அப்படித்தான் அடிக்கச் சொல்வாராம். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இந்தப் பண்ணை வேண்டாம், அப்பா" என்றார். எத்தனை வருடமாகச் சொல்ல நினைத்தாரோ தெரியவில்லை. பெரியவரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். வருத்தத்திலா, நிம்மதியிலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மகள் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். திரும்பாமலே சொன்னாள்: "எனக்குக் கூலி பாக்கி எதுவும் வேண்டாம். வாசல் கேட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்தால் போதும்."

2022இல் லண்டன் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு பண்ணை வழக்கில் தீர்ப்பு சொன்னது. இதெல்லாம் ஒருநாள் உனக்குத்தான் என்ற சொல்லை நம்பிப் பல வருடம் குறைந்த கூலிக்கு உழைத்த மகனுக்கு, அப்பா பின்னால் மனம் மாறினாலும் உரிமை உண்டு என்று. மேங்க்ஸ் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை, ஆனாலும் மதித்துப் பார்ப்பார்கள். அந்த வழக்கு விவரத்தைப் பையில் வைத்திருந்தேன். எடுக்கத் தேவைப்படவில்லை. கேட்டின் நிறத்துக்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

அன்று ராத்திரி காரில் மலைச்சாலையில் திரும்பி வரும்போது அண்ணன் ஞாபகம் வந்தது. அப்பா படுத்த படுக்கையாக இருந்த ஒன்பது வருடமும் ஊரில் நின்றது அவன். மோட்டார் காயில் எரிந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனது அவன். நான் சென்னையில், அப்புறம் இங்கே. யாரோ ஒரு பெண்ணுக்காக 27 வருடக் கூலியைக் கணக்குப் போட்ட நான், அவனுக்கு ஒரு வருடம்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. அதற்காக அந்த விடுதலைப் பத்திரம் சரி என்று ஆகிவிடுமா? என்னைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் பேனாவைக் கையில் கொடுத்தார்கள், அதுதான் இன்றும் வலிக்கிறது. ஆனால் இத்தனை வருடம் சொல்லிவந்த 'சமபங்கு' அந்தச் சமையலறையில் நடந்திருந்தால், என் நியாயமே இன்னொரு பெண்ணின் 27 வருடத்தில் மூன்றில் இரண்டைத் தூக்கி அண்ணன்களிடம் கொடுத்திருக்கும். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை.

நவம்பர் 12

பத்திரம் எழுதும் தேதியைப் பெரியவர் தானே குறித்தார். நவம்பர் 12, ஹொலன்டைட். பழைய காலண்டர்படி நவம்பர் முதல் தேதி. தீவில் பண்ணைக் குத்தகைகள் தொடங்குவதும் முடிவதும், அந்தக் காலத்தில் வேலையாட்கள் இடம் மாறியதும் அந்த நாளில்தான். ராம்சியில் ஒரு வக்கீல் அலுவலகம். மாடியேற அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

நான் எதிர்பார்த்தபடி எல்லாம் நடக்கவில்லை. சாலையோர ஆறு ஏக்கர் இரண்டு மகன்களுக்கும் சேர்த்து, அது மட்டும் வீட்டில் முன்பே பேசி முடித்தபடி. மீதி 124 ஏக்கரில் மகளுக்குப் பாதி பாத்தியதைதான் அன்று எழுதினார். மறு பாதிக்கு உயில். "அப்புறம் வரும்" என்றார். எனக்குச் சுர்ரென்றது. கீழே இறங்கி வந்து கார் கதவைத் திறந்துவிடும்போதுதான், நான் நூலகத்தில் படித்த பழைய மேங்க்ஸ் கல்யாண ஒப்பந்தங்கள் நினைவுக்கு வந்தன. சிலவற்றில் அப்படியே இருக்கும்: கல்யாணத்தன்று பாதி, பெற்றவர் காலத்துக்குப் பிறகு பாதி. அவர் அதைப் படித்தவர் இல்லை. கேட்டால், "முழுசாகக் கொடுத்துவிட்டுக் காலையில் எதற்கு எழுந்திருப்பது?" என்றார்.

மகளுக்குக் கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

துரும்புக் கதையையும் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். கொட்டகையிலிருந்து பார்லி வைக்கோலில் ஒன்றை உருவிக் கைப்பையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். கையெழுத்து முடிந்ததும் மேஜையில் வைத்து, "இதையும் மகள் கையில் கொடுங்கள், பழைய முறைப்படி" என்றேன். வக்கீலம்மா ரசித்துச் சிரித்தார். பெரியவர் அந்தத் துரும்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் மடித்தார். "ஈரம். தெற்குக் கொட்டகையில் எங்கேயோ ஒழுகுகிறது" என்று மகளிடம் சொன்னார். அவளும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இரண்டு பேரும் கூரைத் தகட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

ஜனவரியில் வருடக் கணக்கை முடிக்கப் போனேன். வாசல் கேட் கருநீலமாக இருந்தது. அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து எப்போதும் பச்சைதான். பெரியவர் கைத்தடியோடு கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நிறம் எப்படி என்று கேட்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேல் கீல் ஒரு விரற்கடை வெளியே தள்ளி மாட்டியிருக்கிறது, மழைக்காலத்தில் கேட் தரையைத் தேய்க்கும் என்று பத்து நிமிடம் விளக்கினார்.